சைட்டோகைன் ஒன்றைப் பின்தொடர்ந்து படிப்பது எப்படி

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில வாரங்களில் சென்னையின் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் காலை வரிசை நீண்டுவிடுகிறது. காய்ச்சலுடன் வந்தவரின் கைக்கு மாலையில் வரும் தாளில் தட்டணுக்களின் எண்ணிக்கை, டெங்குவுக்கான என்எஸ்1, சிஆர்பி என்று சில வரிகள் இருக்கும். இவற்றுள் சிஆர்பி என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். அதைத் தயாரிக்கும்படி கல்லீரலுக்குச் சொல்லி அனுப்புவது பெரும்பாலும் இன்டர்லூக்கின்-6 என்னும் சைட்டோகைன். செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்வதற்காகச் சுரக்கும் சிறு புரதங்களே சைட்டோகைன்கள். அதாவது, சிஆர்பி எண்ணைப் பார்ப்பவர் ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பிய செய்தியின் எதிரொலியைப் பார்க்கிறார். அத்தகைய செய்தியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பின்தொடர்ந்து படிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். நுண்ணுயிரியல், மருத்துவம், ஆய்வகத் தொழில்நுட்பம் ஆகியவற்றைப் புதிதாகப் படிப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பள்ளி உயிரியல் ஓரளவு நினைவிருக்கும் பிறரும் தொடரலாம்.

முதலில் செய்ய வேண்டியது, பாடநூலில் உள்ள அட்டவணையை மூடி வைப்பது. இன்டர்லூக்கின்களுக்கு மட்டுமே ஏறத்தாழ நாற்பது வரிசை எண்கள் உள்ளன. அவற்றை ‘அழற்சியைக் கூட்டுபவை’, ‘அழற்சியைக் குறைப்பவை’ என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து மனப்பாடம் செய்த மாணவர், தேர்வு முடிந்த மறுவாரமே எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார். அதைவிட மோசமாக, ஒரு சைட்டோகைன் நல்லதா கெட்டதா என்ற பொருளற்ற கேள்வியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்.

பெயர்களையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். 1957ஆம் ஆண்டில் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மான் ஆகிய இருவரும், வைரஸின் பெருக்கத்தில் குறுக்கிடும் ஒரு பொருளைக் கண்டு அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டார்கள். 1975இல் எலிகளின் புற்றுக்கட்டியைச் சிதைத்த ஒரு பொருளுக்குக் கட்டி அழிக்கும் காரணி என்று பெயர் வந்தது. அதுவே இன்று டிஎன்எஃப். வெள்ளையணுக்களுக்கு இடையே பேசுபவை என்ற பொருளில் இன்டர்லூக்கின் என்ற சொல் 1979இல் ஏற்கப்பட்டது. ஆனால் இன்டர்லூக்கின்-6ஐத் தசையும் கொழுப்புத் திசுவும்கூடச் சுரக்கின்றன, கல்லீரல் கேட்டு நடக்கிறது. ஒவ்வொரு பெயரும் அந்தப் பொருள் முதன்முதலில் கண்ணில் பட்ட சூழலைச் சொல்கிறதே தவிர, அதன் முழு வேலையைச் சொல்வதில்லை. கட்டி அழிப்பதுதான் டிஎன்எஃப்பின் வேலை என்று நினைப்பவர், ஆயிரம் விளக்குப் பகுதியில் இறங்கி விளக்குகளை எண்ணத் தொடங்குபவரைப் போன்றவர்.

அட்டவணைக்குப் பதிலாக ஒரு வெற்றுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் சைட்டோகைனின் பெயரை எழுதுங்கள். இடப்பக்கம், அதைச் சுரக்கும் செல் எது, அந்தச் செல் எதைக் கண்டு சுரக்கத் தொடங்கியது என்று எழுத இடம் விடுங்கள். வலப்பக்கம், அந்தச் செய்தியை வாங்கும் ஏற்பி எந்தச் செல்லில் இருக்கிறது என்பதற்கும், வாங்கிய செல்லுக்குள் செய்தி எந்த வழியாக மரபணு வரை போகிறது என்பதற்கும் இடம் வேண்டும். கீழே ஒரு பெரிய கட்டம் போட்டு, இதை நிறுத்துவது யார் என்று எழுதுங்கள். என் வகுப்பில் இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் பலரும் காலியாக விட்டுவிடுவார்கள். அதனாலேயே அதைப் பெரியதாகப் போடச் சொல்கிறேன்.

இடப்பக்கம்: யார், எதைக் கண்டு

பெரும்பாலான சைட்டோகைன்கள் முன்கூட்டியே தயாரித்து அடுக்கி வைக்கப்படுவதில்லை. திசுவில் காவல் இருந்து கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல், பாக்டீரியாவின் மேற்சுவரில் உள்ள கொழுப்புச் சர்க்கரைப் பொருளைத் தன் டோல் வகை ஏற்பியால் தொட்டறிந்த பிறகே, டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகியவற்றுக்கான மரபணுக்கள் வாசிக்கப்படுகின்றன. அந்த வாசிப்பில் உருவாகும் தூது ஆர்என்ஏ நீண்ட நாள் நிலைக்காதபடி அமைந்தது. தூண்டுதல் நின்றால் உற்பத்தியும் விரைவில் நின்றுவிடும். சில இடங்களில் பூட்டு இரட்டைப் பூட்டாக இருக்கிறது. இன்டர்லூக்கின்-1 பீட்டா முதலில் செயலற்ற நீண்ட புரதமாகவே உருவாகிறது. செல்லுக்கு உள்ளேயே ஆபத்து நேர்ந்ததற்கான இரண்டாவது அறிகுறி கிடைத்து, காஸ்பேஸ்-1 என்னும் நொதி அதை வெட்டிய பிறகுதான் அது வேலை செய்யும் வடிவம் பெறுகிறது. இவ்வளவு கட்டுக்காவல் எதற்கு என்று கேட்டால், இவை வேலை செய்யும் அளவைப் பார்த்தால் போதும்: ஒரு மில்லிலிட்டரில் சில பிகோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் இவற்றை அளக்கிறோம்.

செய்தி எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல், தான் சுரக்கும் இன்டர்லூக்கின்-2ஐத் தானே வாங்கிப் பெருகுவது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போன்றது. பெரும்பாலான செய்திகள் மதில் சுவருக்கு இப்புறமிருந்து அப்புறம் பேசுவதைப் போல அடுத்த செல்லோடு முடிகின்றன. சில மட்டும் ஊருக்கே தமுக்கு அடிப்பவை. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் ஆகியவை ரத்தத்தில் ஏறி மூளையை எட்டும்போது, அங்கே ஹைபோதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்னும் வேதிப்பொருள் உருவாகி உடல் வெப்பத்தின் இலக்கு உயர்த்தப்படுகிறது. காய்ச்சல் என்று நாம் சொல்வது இதைத்தான். பாராசிட்டமால் இந்தக் கடைசிப் படியைத்தான் தடுக்கிறது. செய்தியை அனுப்பியவரை அது தொடுவதில்லை. மாத்திரையால் காய்ச்சல் இறங்கியதைக் கண்டு நோய் இறங்கிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

வலப்பக்கம்: யார் கேட்கிறார், உள்ளே என்ன நடக்கிறது

ஒரே செய்தியை வெவ்வேறு செல்கள் வெவ்வேறாகப் புரிந்துகொள்கின்றன. இன்டர்லூக்கின்-4, எதிர்பொருள் தயாரிக்கும் பி செல்லை அடைந்தால், ஒவ்வாமைக்குப் பெயர்போன ஐஜிஇ வகை எதிர்பொருளை நோக்கி அது திரும்புகிறது. அதுவே, இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத டி செல்லை அடைந்தால், அந்தச் செல் மேலும் இன்டர்லூக்கின்-4 சுரக்கும் வகையாக மாறுகிறது. ஏற்பியின் அமைப்பிலும் நுணுக்கம் உண்டு. இன்டர்லூக்கின்-2இன் முழு ஏற்பி மூன்று சங்கிலிகளால் ஆனது. மற்ற செல்களின் எதிர்ப்பை அடக்கிவைக்கும் ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ அவற்றுள் ஆல்ஃபா சங்கிலியை எப்போதும் நிறைய வைத்திருப்பதால், மிகக் குறைந்த இன்டர்லூக்கின்-2ஐக்கூட அவையே முதலில் உறிஞ்சிவிடுகின்றன. பெருக்கத்தைத் தூண்டும் ஒரு பொருளே அடக்குபவர்களையும் வாழவைக்கிறது என்பதை இரண்டு பத்தி அட்டவணையில் எங்கே எழுதுவது?

செல்லுக்குள் செய்தி செல்லும் வழிகளில் முதலில் கற்க வேண்டியது ஜாக்-ஸ்டாட் வழி. ஏற்பியின் உட்புற வாலில் ஜாக் என்னும் நொதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சைட்டோகைன் வெளியே வந்து பொருந்தியதும் ஏற்பியின் துண்டுகள் அருகருகே வருகின்றன. ஜாக் நொதிகள் ஒன்றன்மேல் ஒன்றும், ஏற்பியின் வாலிலும் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அந்தப் பாஸ்பேட்டில் வந்து ஒட்டும் ஸ்டாட் புரதம் தானும் பாஸ்பேட் ஏற்கப்பெற்று, இரட்டையாகச் சேர்ந்து உட்கருவுக்குள் போய், குறிப்பிட்ட மரபணுக்களை வாசிக்கச் செய்கிறது. மனிதரில் ஜாக் நொதிகள் நான்கு, ஸ்டாட் புரதங்கள் ஏழு. இவ்வளவு குறைந்த உதிரிப் பாகங்களைக் கொண்டு ஐம்பதுக்கு மேற்பட்ட சைட்டோகைன்களும் வளர்ச்சிக் காரணிகளும் தத்தம் செய்தியைக் கொண்டுசேர்க்கின்றன. மனப்பாடம் செய்தே ஆக வேண்டும் என்றால் இவற்றை மட்டும் செய்யுங்கள்: இன்டர்ஃபெரான் காமாவுக்கு ஸ்டாட்1, இன்டர்லூக்கின்-6க்கு ஸ்டாட்3, இன்டர்லூக்கின்-12க்கு ஸ்டாட்4, இன்டர்லூக்கின்-2க்கு ஸ்டாட்5, இன்டர்லூக்கின்-4க்கு ஸ்டாட்6. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 ஆகியவை இந்த வழியில் வருவதில்லை. அவை என்எஃப் காப்பா பி என்னும் வேறு வழியைப் பிடிக்கின்றன. டிஜிஎஃப் பீட்டா என்னும் இன்னொரு சைட்டோகைனுக்கு ஸ்மாட் என்ற தனி வழி உண்டு.

கீழே: யார் நிறுத்துகிறார்

தொடங்கத் தெரிந்த செய்திக்கு முடியவும் தெரிய வேண்டும். ஸ்டாட் புரதம் உட்கருவுக்குள் போய் எழுப்பும் மரபணுக்களிலேயே, அதே வழியை அடைக்கும் சாக்ஸ் புரதங்களின் மரபணுக்களும் இருக்கின்றன. ஆகவே செய்தி பலமாக ஒலிக்க ஒலிக்க, அதை அடக்கும் கையும் தானாக உயர்கிறது. அடுத்து, போலி வாங்குபவர்கள். இன்டர்லூக்கின்-1க்கான இரண்டாம் வகை ஏற்பி, செய்தியை வாங்கிக்கொள்ளும், ஆனால் உள்ளே எதையும் சொல்லாது. இன்டர்லூக்கின்-1 ஏற்பித் தடுப்பான் என்னும் இயற்கைப் புரதமோ, உண்மையான ஏற்பியில் தானே போய் உட்கார்ந்துகொண்டு இடத்தை அடைத்துவிடுகிறது. இவற்றோடு, மேக்ரோஃபேஜை அமைதிப்படுத்தும் இன்டர்லூக்கின்-10ஐயும், டிஜிஎஃப் பீட்டாவையும் சேர்த்தால் கட்டம் ஓரளவு நிரம்பும். எலிகளில் இன்டர்லூக்கின்-10 மரபணுவை நீக்கினால் குடலில் அழற்சி வருகிறது; மனிதக் குழந்தைகளில் அதன் ஏற்பி பழுதுபட்டுப் பிறந்தாலும் கடுமையான குடல் அழற்சி இளம் வயதிலேயே தோன்றுகிறது. நிறுத்துபவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று சொல்லி விற்கப்படும் பொடிகளையும் பானங்களையும் பற்றி மாணவர்கள் கேட்கும்போது, அந்தத் தாளையே நான் திருப்பிக் காட்டுவது வழக்கம். எந்தச் செல்லின் எந்தச் செய்தியை, எந்த நாளில், எவ்வளவு நேரத்துக்குக் கூட்டுகிறது என்று சொல்லாதவரை ‘கூட்டுகிறது’ என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை.

ஒரு முழுப் பயிற்சி: காசநோய்

இந்த முறையைப் பழகுவதற்குக் காசநோயை நான் தேர்ந்தெடுப்பதற்குச் சென்னையே காரணம். சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்தாய்வு மையமாகத் தொடங்கிய நிறுவனம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. மருத்துவமனையில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் காசநோய் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வு இங்கே நடந்தது.

இன்டர்ஃபெரான் காமாவை நடுவில் எழுதுங்கள். காசநோய்க் கிருமியை நுரையீரலின் மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது. ஆனால் விழுங்கிய பையைச் செரிமானப் பையோடு சேரவிடாமல் தடுத்து, கிருமி உள்ளேயே வாழக் கற்றிருக்கிறது. கிருமியைக் கண்ட மேக்ரோஃபேஜும், கிருமியின் துண்டுகளை டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்லும் இன்டர்லூக்கின்-12ஐச் சுரக்கின்றன. அதைக் கேட்ட டி செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும் ஸ்டாட்4 வழியாக இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கின்றன. அது திரும்பவும் மேக்ரோஃபேஜிடமே வந்து, ஸ்டாட்1 வழியாக, விழுங்கிய பையை முதிரச் செய்து கிருமியைக் கொல்லும் வலிமையைத் தருகிறது. கூடவே, டிஎன்எஃப் மற்ற செல்களை அங்கே வரவழைத்து, கிருமியைச் சுற்றி கிரானுலோமா என்னும் முடிச்சைக் கட்டிக் காக்கிறது. இன்டர்லூக்கின்-10 இந்தக் கொதிப்பு நுரையீரலையே தின்றுவிடாமல் அடக்குகிறது. அடக்குதல் மிகுந்தால் கிருமிக்கு வசதியாகப் போய்விடும்.

தாளில் வரைந்த வட்டம் உண்மைதானா என்று சோதிக்க, ஒரு கண்ணியை அறுத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இன்டர்லூக்கின்-12இன் ஏற்பியோ இன்டர்ஃபெரான் காமாவின் ஏற்பியோ பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு, மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத, காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசிக் கிருமியே உடல் முழுவதும் பரவும் நோயைத் தரக்கூடும். டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து முடக்குவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் பயன்பாட்டுக்கு வந்தபின், அதைப் பெற்ற சிலருக்கு உறங்கிக்கிடந்த காசநோய் விழித்துக்கொண்டது 2001இல் பதிவாயிற்று. முடிச்சைக் கட்டிக் காத்த கை எடுக்கப்பட்டதும் கிருமி வெளியே வந்துவிட்டது. முடக்குவாதத்துக்காக இந்த வகை ஊசியைத் தொடங்கும் முன் மருத்துவர் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் எழுதித் தருவது இதனால்தான். முட்டிவலிக்கு வந்தவரிடம் ஏன் நுரையீரலைப் பார்க்கிறார்கள் என்று வீட்டார் குழம்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் வட்டத்தை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். சென்னையை அடுத்த செங்கல்பட்டுப் பகுதியில் 1968இல் தொடங்கி லட்சக்கணக்கானோரிடம் நடத்தப்பட்ட பிசிஜி ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு, டி செல்கள் கிருமியை அடையாளம் காண்பதைக் காட்டும் தோல் சோதனையில் எதிர்வினை தோன்றியது. அப்படியிருந்தும் பெரியவர்களின் நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு கிடைக்கவில்லை. குழந்தைகளைக் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து பிசிஜி காப்பது வேறு ஆய்வுகளால் தெளிவாகியிருக்கிறது. ஆகவே டி செல்கள் கிருமியை அடையாளம் காண்பது வேறு, நோயைத் தடுப்பது வேறு.

அறிக்கைகளைப் படிக்கும்போது

இதே இன்டர்ஃபெரான் காமாவை அளப்பதுதான் இக்ரா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரத்தப் பரிசோதனை. நோயாளியின் ரத்தத்தைக் காசநோய்க் கிருமியின் சில புரதத் துண்டுகளோடு சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் 16 முதல் 24 மணி நேரம் வைத்து, டி செல்கள் எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா சுரந்தன என்று பார்க்கிறார்கள். பயன்படுத்தப்படும் துண்டுகள் பிசிஜி கிருமியில் இல்லாதவை என்பதால், குழந்தைப் பருவத்தில் போட்ட ஊசி இந்த முடிவைக் குழப்பாது. மாண்டூ தோல் சோதனைக்கு இந்த வசதி இல்லை. பரவலாகப் பயன்படும் முறையில், தூண்டும் பொருள் எதுவும் சேர்க்காத ரத்தக் குழாயின் அளவைக் கழித்தபின் மில்லிலிட்டருக்கு 0.35 சர்வதேச அலகோ அதற்கு மேலோ வந்தால் நேர்மறை என்று கொள்கிறார்கள். கண்ணை முதலில் ஓட்ட வேண்டியது அந்த எண்ணில் அன்று. எந்த டி செல்லையும் தூண்டிவிடும் பொருள் இருக்கும் மைட்டோஜென் குழாயின் எண்ணில். அங்கேயே சுரப்பு இல்லை என்றால் செல்கள் பேசும் நிலையில் இல்லை என்று பொருள். அப்போது வரும் எதிர்மறை முடிவுக்கு மதிப்பில்லை, அறிக்கையும் முடிவு செய்ய இயலாதது என்றே வரும். நேர்மறை வந்தாலும், கிருமி உறங்குகிறதா நோயாக இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது.

சிஆர்பியைப் படிக்கும்போது நேரத்தைச் சேர்த்துப் படியுங்கள். தூண்டுதலுக்குப் பிறகு சுமார் ஆறு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாளில் அது உச்சத்தை எட்டுகிறது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 19 மணி நேரம். ஒரே ஒரு எண்ணைவிட, அடுத்தடுத்த இரண்டு நாள்களின் எண்கள் அதிகம் சொல்லும். இன்னொரு பொறி: இன்டர்லூக்கின்-6இன் ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் பெற்றவருக்குக் கல்லீரலிடம் செய்தியே போய்ச் சேராது. அவருக்குக் கிருமித்தொற்று இருந்தும் சிஆர்பி தாழ்ந்தே இருக்கலாம். அறிக்கையை மட்டும் பார்ப்பவர் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவார்; தாளில் வழியை வரைந்தவர் நினைக்கமாட்டார்.

சைட்டோகைனையே நேரடியாக அளக்கும் எலைசா சோதனைக்கு மாதிரி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தம் குழாய்க்குள் வந்த பிறகும் அதிலுள்ள செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. தாமதமானால் சுரந்துகொண்டோ சிதைந்துகொண்டோ எண்ணை மாற்றிவிடும். மே மாதத்து மதியத்தில் வண்டிப் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் பயணம் செய்த குழாயிலிருந்து வந்த இன்டர்லூக்கின்-6 அளவு, நோயாளியைப் பற்றிச் சொல்வதைவிட அண்ணா சாலை நெரிசலைப் பற்றியே அதிகம் சொல்லும். விரைவாகச் சீரத்தைப் பிரியுங்கள், சிறு பகுதிகளாகப் பிரித்து உறையவையுங்கள், ஒருமுறை உருக்கியதை மீண்டும் உறையவைக்காதீர்கள்.

காலம் என்ற ஆறாவது கேள்வியைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்வது நல்லது. 2020இல் பிரிட்டனில் நடந்த பெரிய கோவிட் ஆய்வில், அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோன் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரிழப்பைக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் தெரியவில்லை. கிருமியோடு போராடும் நாளில் செய்தியை அடக்குவதும், போராட்டம் எல்லை மீறிய நாளில் அடக்குவதும் ஒன்றல்ல. டெங்குவிலும் ரத்தக் குழாய்கள் கசியும் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நாள்களை ஒட்டியே வருகிறது. தமுக்குச் சத்தம் ஓய்ந்ததைப் பார்த்து ஊர் அடங்கிவிட்டது என்று அந்த நாள்களில் நினைத்துவிடக் கூடாது.

அடுத்த தாளுக்கு இன்டர்லூக்கின்-17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் இன்டர்லூக்கின்-23இலிருந்து தொடங்குங்கள். வலப்பக்கம் தோலின் செல்களும், அவை வரவழைக்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களும் வர வேண்டும். சோரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கு இதைத் தடுக்கும் ஊசி ஏன் பயன்படுகிறது, அந்த ஊசி பெற்றவர்களுக்கு வாயில் காண்டிடா பூஞ்சை ஏன் சற்று எளிதாகத் தொற்றுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே படத்திலிருந்து விடை சொல்ல முடிந்தால், படம் சரியாக வந்திருக்கிறது. கீழ்க்கட்டம் இன்னும் காலியாக இருந்தால், ஒழுங்குபடுத்தும் டி செல்களிலிருந்து தேடத் தொடங்குங்கள்.